படத்தில் ஆடிய பிசிறு

எங்கள் பனியன் கம்பெனியில் மெக்கானிக் ஓவர்லாக் தையல் மெஷினைக் கழற்றி, பனியன் வேஸ்ட் துணியால் எண்ணெயைத் துடைத்துக்கொண்டிருந்தார். மெஷின் ஆயில் வாடை மூக்கில் ஏறியதும் அப்பாவின் சினிமா கேமரா ஞாபகம் வந்தது.

சாவி கொடுத்து ஓட்டுகிற பழைய கேமரா அது. ஞாயிற்றுக்கிழமை கறிச்சோறு தின்ற கையோடு அதைத் திறந்துவைத்து உட்கார்ந்துவிடுவார். பல்சக்கரங்களுக்கு ஊசி முனையில் எண்ணெய் தொட்டுவைப்பார். அப்புறம், லென்ஸுக்குப் பின்னால் பிலிம் ஓடுகிற சின்ன ஜன்னலைப் பனியன் வேஸ்டால் துடைப்பார்.

“ஏனுங்க, அதுல பிசிறு வருமுங்க. பழைய வேட்டி கிழிச்சுத் தரட்டுங்களா?” என்பாள் அம்மா.

“கம்பெனி மெஷினெல்லாம் இதுலதான் தொடைக்கறோம். இதுக்கு மட்டும் என்ன?” என்பார். யார் சொன்னாலும் அவருக்கு ஏறாது.

ஒரு நாள் அம்மா துணி காயப்போடுவதைப் படம் எடுத்தார். பிலிமைக் கழுவ வெளியூர் அனுப்பவேண்டும். அது திரும்பி வருவதற்குள் அம்மா காய்ச்சலில் போய்விட்டாள்.

சுவரில் போர்வையைக் கட்டி, புரொஜெக்டரில் படத்தை ஓட்டிப் பார்த்தோம். அம்மா திரும்பிச் சிரித்தாள். கேமரா ஜன்னலில் ஒட்டியிருந்த ஒரு பிசிறு, கயிறு தடிமனுக்குக் கறுப்பாக, அவள் முகத்தின் மேல் கடைசி வரைக்கும் ஆடிக்கொண்டே இருந்தது. அப்பா எழுந்துபோய்க் கேமராவைத் திறந்து, மறுபடியும் பனியன் வேஸ்டாலேயே துடைத்தார்.

இப்போது கண்ணை மூடினால் அம்மாவின் முகம் வருவதில்லை. பிசிறுதான் வருகிறது.

“ஓட்டிப் பாக்கலாங்களா?” என்றார், மெஷினை மறுபடி மாட்டி முடித்த மெக்கானிக்.

“ஓட்டுங்க” என்றேன்.