நனைந்த குதிரைகள்

1. மழை எங்கிருந்து வந்தது

பிரேம் போன் செய்தபோது தோசைக்கல் அடுப்பில் காய்ந்துகொண்டிருந்தது. பிரேம் எங்கள் டீம் லீட். வடபழனிப் பையன், கெட்டிக்காரன். எப்போதும் குரூப்பில் மெசேஜ்தான் போடுவான். போன் என்றால் நல்ல சேதியாக இருக்காது. அடுப்பை அணைத்துவிட்டுத்தான் எடுத்தேன்.

"அக்கா, கிளையன்ட் குதிரைப் பட செட்டைத் திருப்பி அனுப்பிட்டான். குதிரைங்கல்லாம் நனைஞ்சா மாதிரி கீதாம். படத்துல நல்ல வெயிலு. மழை எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேக்கறான்."

என் பெயர் ரெஜினா. தொழில் வட்டாரத்தில் குதிரை ரெஜினா என்றால்தான் தெரியும். போனில் விளையாடுகிற சீட்டு விளையாட்டுகளுக்கு டிஜிட்டலில் படம் வரைந்து தருகிற கம்பெனியில் இருந்தேன். ஒவ்வொரு சீட்டிலும் ஒரு போர்வீரன் இருப்பான், அவனுக்குக் கீழே ஒரு குதிரை. முகம் நன்றாக வருகிறவர்களுக்குக் குதிரைக்கால் வராது, குதிரைக்கால் வருகிறவர்களுக்கு முகம் வராது. அதனால் வீரனை ஒருவர் ஒரு லேயரில் வரைவார், குதிரையை நான் இன்னொரு லேயரில் வரைவேன். ஒன்றின் மேல் ஒன்றை வைத்தால் படம்.

முன்பு தி.நகரில் ஆபீஸ் இருந்தது. பக்கத்து மேஜையில் யாராவது வடை பிட்டுத் தருவார்கள், சண்டை போடுவார்கள். ஊரடங்கு வந்தது, வீட்டிலிருந்தே செய்யுங்கள் என்றார்கள். ஊரடங்கு போனபின் ஆபீஸையே காலி செய்துவிட்டார்கள். நான் மந்தைவெளி வீட்டில் ஜன்னலோரம் மேஜையைப் போட்டுக்கொண்டேன். அம்மா போன பிறகு அந்த வீட்டில் நான் ஒருத்திதான்.

பிரேம் வைக்கும்போது சொன்னான், இன்னொரு தடவை திரும்பினால் மொத்த வேலையும் வேறு ஸ்டூடியோவுக்குப் போய்விடும் என்று. "அப்புறம் நமக்குக் குதிரையும் இல்ல, ஆளும் இல்லக்கா" என்றான். அன்று தோசை சாப்பிடவில்லை.

2. கத்திரிக்காய்

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். குதிரையின் பளபளப்பு என்றதும் எல்லோரும் வெள்ளையை எடுத்துத் தீற்றுகிறார்கள். அப்படிச் செய்தால் குதிரை பிளாஸ்டிக் வாளியாகிவிடும். பளபளப்புக்குச் சொந்த நிறம் கிடையாது. கறுப்புக் குதிரையின் முதுகில் விழுவது வானத்தின் நிறம். வயிற்றுக்கு அடியில் தெரிவது மண்ணின் நிறம். தோளிலும் கழுத்திலும் தெரிவது மேலே உட்கார்ந்திருப்பவனின் உடை நிறம். அதற்குத்தான் பவுன்ஸ் லைட் என்று பெயர். இன்னொன்று, வெளிச்சம் முடி ஓடுகிற திசையில் ஓடாது, அதற்குக் குறுக்கே விழும். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலையில் வளையமாக மின்னுமே, அப்படி.

இதை நான் படித்தது கத்திரிக்காயில். தெற்கு மாட வீதியில் நல்ல கறுத்த காயாகப் பொறுக்கி வந்து ஜன்னலில் வைப்பேன். பக்கத்தில் எலுமிச்சம்பழத்தை வைத்தால் காயின் கன்னத்தில் மஞ்சள் ஏறும். பச்சைமிளகாயை வைத்தால் பச்சை ஏறும். பக்கத்தில் எதுவுமே வைக்காவிட்டால் வெறும் ஜன்னல் தெரியும். வரைந்து முடித்ததும் காய் குழம்புக்குப் போய்விடும். ஓர் ஆள் சமையலுக்கு அது தாராளம்.

அதனால் வீரனின் உடை நிறம் தெரியாமல் என்னால் குதிரையை முடிக்க முடியாது. வீரர்களை வரைந்தவர் ஷபீர். ஆபீஸ் மூடிய பிறகு காண்ட்ராக்டில் சேர்ந்தவர். யாரும் அவர் முகத்தைப் பார்த்ததில்லை, மீட்டிங்கில் கேமராவைப் போட மாட்டார். லேயரை ஏற்றிவிட்டு எனக்கு ஒரு மெசேஜ் போடுவார். "அக்கா, இன்னிக்கு செவப்புப் போர்வை. தோள் பக்கம் பாத்துக்கோங்க." அவ்வளவுதான். நான் "சரி ஷபீர்" என்று போடுவேன். சில நாள், "இன்னிக்கு உங்க குதிரைக்குக் கோவம் ஜாஸ்தி" என்று எழுதுவார். அன்றைக்கு முழுக்க எனக்கு அது போதும்.

சாயங்காலம் கீழே இறங்கிக் காய் விலை கேட்கும்போது தொண்டை கரகரக்கும். அன்றைக்கு அதுதான் என் முதல் பேச்சாக இருக்கும். அப்படி இருந்த எனக்கு அந்த மெசேஜ் என்னவாக இருந்தது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

3. நீலம்

திரும்பி வந்த படங்களைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கிளையன்ட் சொன்னது சரிதான். குதிரைகள் எல்லாவற்றிலும் நீலம் ஏறியிருந்தது. நனைந்த தோல்தான் அப்படி வானத்தை அள்ளிக்கொள்ளும். ஆனால் அந்த நீலத்தை நானாகப் போடவில்லை. கலர் பிக்கரை வீரனின் உடையில் வைத்து, அதே நிறத்தைத்தான் எடுத்துக் குதிரை தோளில் போட்டிருந்தேன்.

ஷபீரின் லேயரில் பிக்கரை வைத்தேன். சிவப்புப் போர்வை சிவப்பாக இல்லை, ஊதாப் பக்கம் சாய்ந்திருந்தது. வெள்ளைத் தலைப்பாகையில் நீலம் கலந்திருந்தது. பழைய செட்டுகளை எடுத்துப் பார்த்தால், மாதா மாதம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி வந்திருக்கிறது. கூடவே இருந்ததால் எனக்கும் கண் பழகிப்போயிருக்கிறது.

பிரேமிடம் சொன்னால் ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும், ஷபீரின் வேலையும் சேர்த்து. காண்ட்ராக்ட் ஆளுக்கு யார் காரணம் சொல்லிக்கொண்டிருப்பார்கள்? மெசேஜைப் பாதி அடித்து அழித்தேன். அவருடைய மானிட்டர் கோளாறாக இருக்கும் என்று நினைத்தேன். திரையின் நிறத்தை அளந்து சரிசெய்கிற காலிபரேட்டர் என்னிடம் ஒன்று இருந்தது. எடுத்து வருகிறேன், உங்கள் விலாசம் அனுப்புங்கள் என்று ஷபீருக்கு எழுதினேன். பதில் மறுநாள்தான் வந்தது. அடையாறு டெப்போவுக்குப் பின்னால் ஒரு சந்து. என் வீட்டிலிருந்து அடையாற்றுப் பாலத்தைத் தாண்டினால் போதும். இத்தனை காலமும் இவ்வளவு கிட்டத்தில் இருந்திருக்கிறார்.

4. பால்

கீழ்ப் போர்ஷனில் கதவைத் திறந்து ஒருவர் என்னைப் பார்த்தார். "ஷபீர் வீடு?" என்றேன். விரலால் மாடியைக் காட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

மாடியில் வந்து நின்றவருக்கு வெள்ளைத் தாடி. என்னைவிடப் பத்து வயதாவது பெரியவர். நான் தம்பி மாதிரி ஒருவரை நினைத்துக்கொண்டு போயிருந்தேன். வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"நான்தான் ஷபீர்" என்றார். "எல்லாரும் அக்கான்னாங்க, நானும் அக்கான்னுட்டேன். வயசு தெரிஞ்சா வேலை தர மாட்டாங்கன்னுதான் கேமரா போடறதில்ல."

"சரி பாய், உள்ள வரலாமா?" என்றேன்.

காலிபரேட்டரை அவர் திரையில் மாட்டினேன். அது நிறம் நிறமாக ஓடி அளந்து முடித்தது. திரையில் ஒரு கோளாறும் இல்லை. என் திரையைவிடவே நன்றாக இருந்தது. இன்னொரு தடவை ஓட்டினேன், அதே முடிவு.

அவர் டீ போடப் போனார். பாத்திரத்தை எட்டிப் பார்த்துச் சலித்துக்கொண்டார். "மன்னிச்சுக்கோங்கக்கா, பாலு இப்பல்லாம் மஞ்சளா வருது. இன்னாத்தைக் கலக்கறானோ. ரெண்டு பால்காரனை மாத்திட்டேன்."

நான் எழுந்துபோய்ப் பார்த்தேன். பால் வெள்ளையாகத்தான் இருந்தது.

கண்புரை வந்தால் எல்லாம் மஞ்சளாகத் தெரியும் என்று அம்மாவுக்கு வந்தபோது டாக்டர் சொல்லியிருக்கிறார். மஞ்சளாகத் தெரிகிற படத்தைச் சரிக்கட்ட இந்த மனிதர் நீலத்தைக் கலந்துகொண்டே போயிருக்கிறார். அவர் கண்ணுக்கு அதுதான் சரியான சிவப்பு, அதுதான் சரியான வெள்ளை. நான் அதை எடுத்துக் குதிரை மேல் பூசியிருக்கிறேன்.

"பாய், பால் நல்லாத்தான் இருக்கு. கண்ணைக் காட்டினீங்களா?" என்றேன்.

அவர் அடுப்பைச் சின்னதாக்கினார். டாக்டரிடம் முன்பே காட்டியாயிற்று என்றார். ரெண்டு கண்ணிலும் புரை, ஆபரேஷன் செய்யச் சொல்லிவிட்டார்கள். பயமா என்று கேட்டேன். பயம் இல்லையாம்.

"கூட ஒரு ஆள் வரணுமாம்க்கா. ஆள் இல்லாம வராதீங்கன்னுட்டாங்க. கீழ தம்பி கீறான், வீட்டுப் பாகத்துல சண்டை, பேச்சுவார்த்தை இல்ல. வேற யாரைக் கூட்டினு போறது? அப்டியே தள்ளிப் போய்க்கினு கீது."

இவ்வளவு பெரிய ஊரில், ஒரு காலைப் பொழுது பக்கத்தில் உட்கார ஆள் கிடைக்காமல் ஒருவர் கண்ணை இழந்துகொண்டிருந்தார். எனக்கு அது ஆச்சரியமாக இல்லை. என்னைக் கேட்டிருந்தாலும் யார் பெயரைச் சொல்லியிருப்பேன்? நான் வருகிறேன் என்றேன். வீட்டில் கேட்டுச் சொல்லுங்கள் என்றார். என் வீட்டில் யாரைக் கேட்பது?

5. கூட யாரு

பிரேமிடம் போனில் பேசினேன். தப்பு என் குதிரைகளில்தான், முதலிலிருந்து திரும்பப் போடுகிறேன், கொஞ்சம் அவகாசம் வாங்கிக் கொடு என்றேன். வீரர்களிலும் சில மாற்றம் வேண்டும், அதனால் நானும் ஷபீரும் கொஞ்ச நாள் ஆன்லைனில் இருக்க மாட்டோம் என்றேன்.

"ரெண்டு பேரும் ஒண்ணாவாக்கா?" என்றான்.

"ஆமா." என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். கடைசி சான்ஸ் அக்கா என்று மட்டும் சொல்லி வைத்தான்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவர் பெயரைக் கூப்பிட்டுவிட்டு, கூட யார் என்றாள். நான் எழுந்தேன். நீங்கள் அவருக்கு என்ன வேண்டும் என்றாள். என் கழுத்துச் சிலுவையையும் அவர் தொப்பியையும் மாறி மாறிப் பார்த்தாள். கூட வேலை செய்கிறவள் என்றேன். வீட்டு ஆட்கள் யாரும் இல்லையா என்றாள்.

ஷபீர் பாய் பதில் சொன்னார். "இவங்கதாம்மா. இவங்களையே எழுதிக்க."

அவரை உள்ளே கொண்டுபோன பிறகு நான் வெளியே உட்கார்ந்து ஜெபமாலை சொன்னேன். பாதியில் எண்ணிக்கை தப்பிப்போயிற்று. யாருக்காகவாவது காத்திருந்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. பயமாக இருந்தது, உண்மையைச் சொன்னால் சந்தோஷமாகவும் இருந்தது.

மறுநாள் கட்டைப் பிரித்தார்கள். ஒரு கண்தான் முடிந்திருந்தது. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பால் பாத்திரத்தைத் திறந்தார். ஒரு கண்ணை மூடிப் பார்த்தார், அதைத் திறந்து மற்றதை மூடிப் பார்த்தார். "இந்தக் கண்ணுல பாலு, இந்தக் கண்ணுல டீ" என்று சிரித்தார். அந்தப் பால்காரர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று கவலைப்பட்டார்.

திரையைப் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்ன அன்று அவருடைய பழைய லேயர்களைத் திறந்து காட்டினேன். அவர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. ஒவ்வொரு படமாகத் தள்ளிக்கொண்டே போனார்.

"இன்னா நீலம் இது. என் கையால போட்டதா? அடுத்தவங்க படம்னா நானே திட்டியிருப்பேன். நீங்க ஏன்க்கா என்னைத் திட்டல?"

"திட்டியிருந்தா நீங்க வேலையை விட்டுப் போயிருப்பீங்க. அப்புறம் எனக்கு யாரு மெசேஜ் போடுவா?" என்றேன். சொல்ல நினைத்துச் சொன்னதில்லை, வாயில் வந்துவிட்டது. அவர் திரையில் வரைகிற பேனாவை எடுத்து முதல் போர்வையைச் சிவப்பாக்கத் தொடங்கினார்.

6. கடைசிக் குதிரை

செட் போயிற்று. இந்தத் தடவை திரும்பி வரவில்லை. குதிரைகள் காய்ந்துவிட்டன என்று பிரேம் எழுதினான். மற்ற கண்ணுக்கும் நானே போய் உட்கார்ந்தேன், அந்த நர்ஸ் இந்தத் தடவை ஒன்றும் கேட்கவில்லை.

அந்தச் சீட்டு விளையாட்டு அதோடு முடிந்தது. அடுத்து வந்தது விண்வெளிக் கதை. அதில் குதிரை இல்லை. எனக்கு இரும்புச் சுவர் வரைகிற வேலை, ஷபீர் பாய்க்கு வேறு டீமில் வேலை. அவருடைய உடை நிறம் எனக்குத் தேவைப்படவில்லை, அதனால் மெசேஜும் நின்றது. சும்மா ஒரு வார்த்தை எழுதலாம்தான். என்னவென்று எழுதுவது? வேலை இல்லாமல் பேச எங்கள் இரண்டு பேருக்குமே தெரியவில்லை. பாலம் இருக்கிறது, பஸ் இருக்கிறது, நான் போகவில்லை. போனை எடுத்துப் பார்ப்பேன், வைப்பேன். காய்க்கடையில் மறுபடியும் தொண்டை கரகரக்க ஆரம்பித்தது.

ஒரு மத்தியானம் ஒரு ஃபைல் வந்தது. திறந்தால், நான் எப்போதோ முடித்து ஒதுக்கிவைத்த கறுப்புக் குதிரை. அதன் மேல் புதிதாக ஒரு லேயர். கவசமும் இல்லை, வாளும் இல்லை. நரைத்த கொண்டையும் மூக்குக் கண்ணாடியுமாக நான் உட்கார்ந்திருந்தேன், ஆஸ்பத்திரிக்கு உடுத்திப்போன கிளிப்பச்சைக் காட்டன் புடவையில். பச்சை அச்சு அசலாக இருந்தது. கீழே ஒரு வரி.

"அக்கா, ஆள் ரெடி. தோள் பக்கம் பாத்துக்கோங்க."

அழுதேன். சொல்வதில் என்ன வெட்கம்? அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து வேலையில் உட்கார்ந்தேன். கலர் பிக்கரை என் புடவை மேல் வைத்துப் பச்சையை எடுத்தேன். குதிரையின் தோளில் முடிக்குக் குறுக்காக மெல்லிசாகப் போட்டேன், கழுத்து வளைவில் இன்னும் கொஞ்சம். நான் வரைந்த குதிரைகளுக்குக் கணக்கே இல்லை. ஒன்றின் மேலாவது என் நிறம் விழுந்தது அதுதான் முதல் தடவை.

குதிரையை முடிக்கும் முன் மேலே யார் என்று கேளுங்கள் என்பதுதான் புதிதாக வருகிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது. அது வரைவதற்கு மட்டும்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன். அன்று படத்தைச் சேமித்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு அடையாறு பஸ்ஸைப் பிடிக்கப் போனேன்.