உள்தாழ்ப்பாள்

அச்சகத்தில் எல்லோருக்கும் அவள் மிஷின் அக்காதான். பன்னிரண்டு வருஷமாகக் கணினி முன்னால் உட்கார்ந்து, அடுத்தவர் கையால் எழுதித் தருவதை அடிக்கிறாள். கல்யாணப் பத்திரிகையோ ஆராய்ச்சிக் கட்டுரையோ, எது வந்தாலும் ஒரே வேகம். காரணம், அவள் எதையும் படிப்பதில்லை. கண் எழுத்தைப் பார்க்கும், விரல் ஓடும், பொருள் மண்டைக்குள் ஏறாது.

டீச்சரம்மாவின் நாவல் வந்த வாரம்தான் விரல் தடுமாறியது. பணி ஓய்வுக்குப் பிறகு டீச்சரம்மா எழுதிய நானூறு பக்கம் அது. கதையில் வரும் நகரத்தில் பெண்களின் அறைக்கு உள்தாழ்ப்பாள் கூடாது, அதுதான் சட்டம். பொழுது சாயும்போது 'கதவுக்காரி' என்று ஒருத்தி தெருத்தெருவாக வந்து ஒவ்வொரு கதவையும் ஒற்றை விரலால் தள்ளுவாள். திறந்தே ஆகவேண்டும். கதாநாயகி பின்னலுக்குள் ஒரு திருகாணியை ஒளித்து வைத்திருக்கிறாள்.

"என்ன மிஷின் அக்கா, இன்னைக்கு நாலு பக்கம்தானா? எண்ணெய் கிண்ணெய் போடணுமா?" என்றார் முதலாளி.

"கை வலிக்குது சார்."

பொய். கதவுக்காரியின் விரல் வந்த பக்கத்திலேயே அவள் நின்றுபோயிருந்தாள்.

புருஷனை விட்டு அண்ணன் வீட்டுக்கு வந்து மூன்று வருஷம். வந்த வாரமே அண்ணன் அவள் அறைத் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டார். "நீ ஏதாவது பண்ணிக்கிட்டா நாளைக்கு நான்தான பதில் சொல்லணும்?" அது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. உடை மாற்றும்போது முதுகைக் கதவில் முட்டுக்கொடுத்து நிற்பாள், அவ்வளவுதான். அண்ணி நினைத்த நேரத்தில் முழங்கையால் கதவைத் தள்ளி, எட்டிப் பார்த்துவிட்டுப் போவாள்.

நாவலை அடித்து முடித்த சனிக்கிழமை மதியம் ஒரு சின்னத் தாழ்ப்பாள் வாங்கினாள். அச்சகத்துத் திருப்புளியைக் கேட்டு வாங்கி வந்து, பழைய ஓட்டைகளிலேயே முடுக்கினாள். கொஞ்சம் கோணல், ஆனாலும் விழுந்தது. போட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள். அரை மணி நேரத்தில் கதவு அசைந்தது.

"உள்ள என்ன பண்ற?"

"ஒண்ணும் பண்ணல அண்ணி."

"ஒண்ணும் பண்ணாததுக்கு எதுக்குத் தாழ்ப்பாள்?"

எழுந்துபோய்த் திறந்தாள்.

அண்ணன் சத்தம் போடவில்லை. திங்கட்கிழமை அவள் வேலை முடிந்து வந்தபோது கதவே இல்லை. கீல் இருந்த இடத்தில் வெள்ளையாய்த் தழும்பு. கதவு பின்சுவரில் சாய்ந்து நின்றது. அண்ணி அங்கே ஒரு திரையை மாட்டிக்கொண்டிருந்தாள். "காத்து நல்லா வரும்," என்றாள், முகத்தைப் பார்க்காமல்.

மறுநாள் டீச்சரம்மா ப்ரூஃப் வாங்க வந்தார். கடைசி அத்தியாயத்தில் கதாநாயகி தாழ்ப்பாளை மாட்டுகிறாள். அந்தச் சத்தம் கேட்டுத் தெரு முழுக்கத் தாழ்ப்பாள்கள் விழுகின்றன.

"முடிவு எப்படிம்மா இருக்கு?"

"நல்லாருக்கு டீச்சர். ஆனா தாழ்ப்பாள் போட்டா கதவையே கழட்டிருவாங்க. அத நீங்க எழுதல."

டீச்சரம்மா கண்ணாடியைக் கழற்றினார். "எந்த வீட்டுல?"

அவள் விசைப்பலகையைப் பார்த்தாள். டீச்சரம்மா கையெழுத்துப் பிரதியின் கடைசிப் பன்னிரண்டு பக்கத்தை மட்டும் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

அச்சகத்துக் கழிவறைக் கதவில் தாழ்ப்பாள் உண்டு. இப்போதெல்லாம் மிஷின் அக்கா எல்லோருக்கும் முன்னால் வந்துவிடுகிறாள். உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு பத்து நிமிஷம் நிற்கிறாள். ஒன்றும் பண்ணுவதில்லை.