அணைக்கு அக்கரை

எங்கள் சாதிக்குத் தனி இடஒதுக்கீடு கேட்டு சாலை மறியல் என்று ஊரே கொதித்துக்கொண்டிருந்த வாரத்தில், என் அப்பா எங்களைச் சுற்றுலா கூட்டிப்போனார். கேட்டால் சிரிப்பீர்கள். சேலம் ரோட்டில் புளியமரங்களை வெட்டிப் போட சித்தப்பா கோடாலி தீட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் மூன்று பேர் கோமுகி அணையில் பரிசல் ஏறி, கல்வராயன் அடிவாரக் காப்புக்காட்டுக்குப் போனோம். வனத்துறையில் அப்பா அனுமதிகூட வாங்கிவிட்டார். இரண்டு ராத்திரிதான் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தார். எனக்குப் பன்னிரண்டு வயது. பரிசல் சுற்றச் சுற்றக் கூத்தாடினேன்.

மரத்தில் தார்ப்பாயைக் கட்டி அதற்கடியில் தங்கினோம். முதல் நாள் சொர்க்கம். மூன்றாம் நாள் காலை வரவேண்டிய பரிசல் மாலையாகியும் வரவில்லை. முன்னால் தண்ணீர், பின்னால் கரடி திரிகிற காடு. கூப்பிட்டால் கேட்க ஆளில்லை. அரிசி தீர்ந்து, மறுநாள் வெறும் ரவைக் கஞ்சி. அப்பா மட்டும் பதறாமல் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். அந்த நிதானத்தைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஐந்தாம் நாள் பரிசல்காரர் வந்தார். அம்மா பிடித்துக்கொண்டாள்.

"இன்னாங்க, இப்டி வுட்டுட்டுப் பூட்டீங்க?"

"சாருதாம்மா சனிக்கெழம வரிக்கும் வர வாணாம்னாரு. உங்க ஊர்லேர்ந்து ஆள் வந்துதுன்னு இப்ப வந்தேன். சார், உங்க தம்பிய போலீஸ் புடிச்சிக்கினு போயிட்டாங்க. அடி ஜாஸ்தியாம்."

அம்மா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் அரசுப் பள்ளி வாத்தியார்.

"மறியலுக்குப் போனா வேல பூடும். ஊர்ல இருந்துக்கினே போவலன்னா பங்காளிங்க மூஞ்சில முழிக்க முடியாது. நான் இன்னா பண்ணட்டும்?"

"இப்ப வர்றீங்களா, இல்லியா?"

"நீங்க போங்க. நான் சனிக்கெழம வரேன்."

எங்களைப் பரிசலில் ஏற்றிவிட்டு அவர் கரையிலேயே நின்றார். அவ்வளவு அவமானமாக இருந்தது எனக்கு. கையசைக்கவில்லை.

சில வருடங்களில் ஒதுக்கீடு வந்தது. அதில்தான் எனக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது. தாலுகா ஆபீஸ் வரிசையில் நின்று சாதிச் சான்றிதழ் வாங்கியவர் அப்பாதான். வாங்கியதும் அதை என்னிடம் நீட்டி, "மொதல்ல உங்க சித்தப்பாகிட்ட காட்டு" என்றார்.

சித்தப்பா அதை இடது கையால் வாங்கினார். வலது கை அந்த வாரத்திலிருந்தே தூக்க வராது.