ஆயில் முள்

எங்கள் டிராக்டரில் டீசல் முள் ஒரு சோம்பேறி. டேங்க் நிறைந்திருந்தாலும் வற்றியிருந்தாலும் பாதியிலேயே நிற்கும். அதனால் வீட்டில் யாரும் அதைப் பார்ப்பதில்லை. குச்சியை டேங்கில் விட்டு, ஈரம் எதுவரை இருக்கிறதென்று பார்ப்போம். பக்கத்திலிருந்த ஆயில் முள் அப்படியல்ல. இன்ஜினுக்குள் ஆயில் என்ன அழுத்தத்தில் ஓடுகிறது என்று அது சரியாகவே காட்டும். சிவப்புக் கோட்டுக்குக் கீழே இறங்கினால் உடனே இன்ஜினை அணைக்க வேண்டும். இது எனக்குத் தெரியும். மூன்று வருடம் அந்த வண்டியை ஓட்டியவள் நான். செஞ்சியைச் சுற்றி என் உழவுக்காகக் காத்திருந்தவர்கள் உண்டு.

சென்னை வேலையை விட்டுவிட்டு அண்ணன் வந்து சேர்ந்தான். “தங்கச்சி டிராக்டர் ஓட்டுறா, நான் ஊட்ல குந்திகினு இருக்கணுமா?” என்று நைனாவிடம் குதித்தான். நைனா சாவியைத் தூக்கி அவனிடம் கொடுத்துவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 

வல்லத்தில் வேர்க்கடலை பிடுங்கிய நிலம் ஒன்றை உழுது தருவதாக நான் ஒப்புக்கொண்டிருந்தேன். நிலத்தைக் காட்ட மட்கார்டில் உட்கார்ந்து போனேன். கிளம்பும்போதே ஆயில் அளவைப் பார்க்கச் சொன்னேன். அண்ணன் காதில் வாங்கவில்லை. நாலாவது உழவுச் சாலில் முள் சரிந்தது.

“ண்ணா, ஆயில் முள்ளு இறங்குது, நிறுத்து!”

கண்ணாடியை விரலால் தட்டினான். “டீசல் முள்ளே டூப்பு. இது மட்டும் உண்மை பேசுமா? கம்முனு வா.”

இன்ஜினை அணைக்கக் கை நீட்டினேன். தட்டிவிட்டான். அந்தச் சால் முடியவில்லை, கடகடவென்று சத்தம் கிளம்பி இன்ஜின் இறுகி நின்றுவிட்டது.

மறுநாள் மெக்கானிக் வந்து பிரித்துப் பார்த்தார். “ஆயில் இல்லாம ஓட்டியிருக்கீங்க. முள்ளு காட்டியிருக்குமே, யாரு ஓட்டினது?”

“பொண்ணுதான்” என்றார் நைனா.

அண்ணன் செல்போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. மெக்கானிக் என்னைப் பார்த்துச் சிரித்தார். அவர் பத்து ஊர் போகிறவர். இந்தப் பேச்சு தொண்டூர் வரை போனால் அப்புறம் யார் என்னை உழவுக்குக் கூப்பிடுவார்கள்?

“நான் ஓட்டல. ஓட்டினவன் அதோ நிக்கிறான். நிறுத்துன்னு கத்தினேன், கேக்கல.”

நைனா பல்லைக் கடித்தார். “வெளியாளு எதிர்ல கூடப் பொறந்தவன விட்டுக் குடுக்கிறியே, நீயெல்லாம் ஒரு பொண்ணா?”

அதே வெளியாள் எதிரில் அவர் என்னை விட்டுக்கொடுத்து ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை.