வராத இரண்டாம் வெடி

கருங்கல் ஊர்ப் பக்கத்துப் பனையேறிக் குடும்பத்தில் பிறந்த ஜெபசீலனுக்கு உயரத்தைக் கண்டால் தலை சுற்றும். பாதிப் பனைக்கு மேல் அவனால் போக முடியாது. அதனால்தான் பேச்சிப்பாறைக்கு மேலே, மேகம் வந்து தங்கும் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு வேலை தேடிப் போனான். பனை உச்சி ஆகாதவனுக்கு மலை உச்சி ஆகிவிட்டது என்று அவன் பெண்டாட்டி செல்லபாய் சொல்லிச் சிரிப்பாள்.

முதலில் மரம் வெட்டினான். குறி தப்பாத கண் இருப்பதை வெள்ளைக்காரத் துரை பார்த்துவிட்டு அவனைக் காவலுக்கு மாற்றினார். கூலிக்காரர்கள் தாங்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் மரச்சீனி என்கிற மரவள்ளிக்கிழங்கு போட்டிருந்தார்கள். காட்டுப்பன்னி வந்து கிளறினால் ஒரே இரவில் மூன்று மாதச் சாப்பாடு போய்விடும். பன்னியை அண்டவிடாமல் பார்ப்பதே அவன் வேலை. அப்போது அவன் கையில் இருந்தது பழைய ஒற்றைக்குழல் துப்பாக்கி.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தெட்டில் துரை விடுமுறைக்குச் சீமைக்குப் போய்விட்டு ஒரு புதுத் துப்பாக்கியோடு திரும்பினார். ஒவ்வொரு வெடிக்கும் இழுத்து நிரப்ப வேண்டாம். வெடித்த வேகத்திலேயே குழலின் பின்வாயை மூடும் இரும்புப் போல்ட் பின்னால் ஓடி, வெறும் தோட்டாவை வெளியே எறிந்து, அடுத்ததைத் தானே உள்ளே தள்ளிக்கொள்ளும். விசையை மறுபடி அழுத்தினால் போதும். லயத்தில் அதற்குத் தொடர்வெடி என்று பேர் வைத்தார்கள்.

ஜெபசீலன் அதை நம்பவில்லை. தானே இத்தனை வேலை செய்கிற பொருள் ஒருநாள் தானே நின்றும்விடும் என்று நினைத்தான். ஆனால் அது நிற்கவில்லை. இரண்டு மழைக்காலம் போயிற்று. ஒருமுறை ஓடை தாண்டும்போது வழுக்கி விழுந்தான். துப்பாக்கி சேற்றில் முங்கியது. தண்ணீரை வடித்து, குழலுக்குள் ஒரு துணியை விட்டு இழுத்துவிட்டுச் சுட்டான். ஒன்றன் பின் ஒன்றாக எல்லாம் வெடித்தன. அன்றைக்குப் பிறகு, "அதுக்குச் சேறும் ஒண்ணுதான், சந்தனமும் ஒண்ணுதான்" என்று அவனே மற்றவர்களிடம் சொல்ல ஆரம்பித்தான்.

முப்பத்தொன்றாம் வருஷம் மார்கழியில் பன்னி கூட்டம் கூட்டமாக இறங்கியது. நாள் தவறாமல் சுட வேண்டியிருந்தது. துப்பாக்கிக்குள் கரி அப்பிக் கிடந்தது. துப்பாக்கிக்கென்று வைத்திருந்த எண்ணெய் தீர்ந்துபோனது. கொல்லத்திலிருந்து வரவேண்டியது வந்து சேரவில்லை. ஜெபசீலன் ஒரு மத்தியானம் அடுப்படியில் உட்கார்ந்து, முடிந்தமட்டும் கரியைத் துடைத்துவிட்டு, வீட்டிலிருந்த தேங்காயெண்ணெயைத் தாராளமாகப் பூசினான். போல்ட் வழுக்கிக்கொண்டு ஓடியது.

மறுநாள் விடியும்போது அவனும் பகவதியப்பனும் மரச்சீனிக் காட்டுக்குப் போனார்கள். பகவதியப்பன் இரணியல்காரன். புதரைத் தட்டிப் பன்னியைக் கிளப்பிவிடுகிறவன். இருவரும் ஒரே வருஷத்தில் மலையேறியவர்கள். ஒருவன் வீட்டுக் கஞ்சியை மற்றவன் கேட்காமலே குடிப்பான். அன்று குளிர் எலும்பைக் குடைந்தது. பெரிய ஆண்பன்னி ஒன்று வெளியே வந்தது. ஜெபசீலன் சுட்டான். தோளில் பட்டது. விழாமல் திரும்பிய பன்னி பகவதியப்பனைப் பார்த்து ஓடியது.

இரண்டாம் வெடி வரவில்லை.

பன்னியின் தேற்றைப்பல் பகவதியப்பனின் தொடையைக் கிழித்தது. அவன் கையிலிருந்த வெட்டுக்கத்தியால் ஓங்கி ஒரு போடு போட்டான். பன்னி காட்டுக்குள் பாய்ந்தது. ஜெபசீலன் துப்பாக்கியை எறிந்துவிட்டு ஓடிவந்து, தலைத்துண்டை அவிழ்த்துத் தொடையை இறுகக் கட்டினான். நான்கு பேர் டோலி கட்டி, பகவதியப்பனை மலையிறக்கி மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். உயிர் பிழைத்தான். கால்தான் பழையபடி மடங்கவில்லை.

கீழே கிடந்த துப்பாக்கியை எடுத்து வந்த கூலிக்காரன் வழியில் அதன் போல்ட்டின் கைப்பிடியை இழுத்து விட்டுவிட்டான். ஆகவே அது எந்த நிலையில் நின்றிருந்தது என்று பார்த்தவர் யாருமில்லை. மத்தியான வெயிலில், பங்களா முற்றத்தில், துரை தாமே அதைச் சுட்டுப் பார்த்தார். ஒன்றுகூடத் தவறவில்லை.

"துப்பாக்கியில் குறை இல்லை" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

சொல்லாததை லயத்தில் சொன்னார்கள். பன்னி திரும்பியதும் ஜெபசீலனுக்குக் கை விறைத்துப் போயிற்றாம். விசையை அழுத்தவே இல்லையாம். குழாயடியில் செல்லபாய் போனால் பேச்சு நின்றுவிடும்.

ஜெபசீலன் முதலில் சண்டைக்குப் போனான். பிறகு போகவில்லை. சொல்கிறவர்களைவிட அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது. விரல் அழுத்தியதா? அழுத்தியதாகத்தான் ஞாபகம். ஆனால் அழுத்த வேண்டும் என்று நினைத்ததைத்தான் அழுத்தியதாக நினைத்துக்கொள்கிறோமோ? பனையில் பாதி ஏறி, கட்டிப் பிடித்துக்கொண்டு நின்ற நாட்கள் ஞாபகத்துக்கு வந்தன. அன்றும் கை தன் பேச்சைக் கேட்கவில்லைதானே.

"நான் பயந்துட்டேனோ பிள்ளே?" என்று ஒருநாள் செல்லபாயிடம் கேட்டான்.

"எனக்கெப்படித் தெரியும்? நான் அங்க இல்லியே" என்றாள் அவள். இல்லை என்று சொல்லியிருக்கலாம். தெரியாததைச் சொல்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

தை பிறந்த பிறகும் குளிர் விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஜெபத்துக்குப் போகத் தலைவார உட்கார்ந்த செல்லபாய், எண்ணெய்க் குப்பியைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தாள். ஒரு சொட்டும் விழவில்லை.

"நாசமாப் போன குளிரு. எண்ணெ கல்லாட்டு இருக்கு" என்று முணுமுணுத்துக்கொண்டே குப்பியை அடுப்போரம் வைக்கப் போனாள்.

"ஏட்டி, வைக்காத. இஞ்ச கொண்டா."

குப்பியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். உள்ளே வெள்ளை வெளேரென்று உறைந்திருந்தது. சுண்டுவிரலை விட்டுச் சுரண்டினான். நகத்தில் மெழுகுபோல் ஒட்டியது. அன்று இருவரும் ஜெபத்துக்குப் போகவில்லை.

பங்களாவுக்குப் போய், பூசிய தேங்காயெண்ணெய் குளிரில் உறைந்து போல்ட்டைப் பிடித்திருக்கும் என்று அவன் சொன்னதைத் துரை கேட்டார். கேட்டுவிட்டு, அன்று பூசியதுபோலவே பூசி, துப்பாக்கியை வெளி வராந்தாவில் மாட்டச் சொன்னார். மறுநாள் விடிந்ததும் சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்து அதை ஜெபசீலன் கையிலேயே கொடுத்தார். முதல் வெடி வெடித்தது. போல்ட் சோம்பேறியைப்போல் பாதி தூரம் வந்து நின்றது. அடுத்த தோட்டா வாயில் கோணலாகச் சிக்கிக்கொண்டு நின்றது. விசை வெறுமனே ஆடியது.

அதற்கடுத்த விடியலில் எண்ணெயை மட்டும் வெந்நீர்த் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, கரியை அப்படியே விட்டுச் சுட்டார்கள். அதே குளிர்தான். எல்லாம் வெடித்தன. அழுக்கை அந்தத் துப்பாக்கி தாங்கிக்கொண்டது. நல்லது என்று நினைத்துப் பூசியதைத்தான் தாங்கவில்லை.

"நீ பயப்படவில்லை, ஜெபசீலன்" என்றார் துரை. எழுத்தர்களும் கங்காணியும் நிற்கும்போது, எல்லாருக்கும் கேட்கும்படிச் சொன்னார்.

ஜெபசீலனுக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. இறங்கிய இடத்தில் வேறொன்று ஏறி உட்கார்ந்தது. பூசியது அவன் கை அல்லவா?

அடுத்த வாரம் லீவு சொல்லிவிட்டு மலையிறங்கி இரணியலுக்குப் போனான். பகவதியப்பன் வீட்டு வாசலில் கட்டில் போட்டுக் காலை நீட்டியிருந்தான். ஜெபசீலன் குப்பியிலிருந்து வராந்தாவரை ஒன்று விடாமல் சொன்னான். பகவதியப்பன் குறுக்கே பேசாமல் கேட்டான்.

"அப்போ நான் இப்பிடிக் கெடக்கது உன் பெண்டாட்டி தலைக்கு வைக்க எண்ணெயினாலயா?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு முழுசாக வரவில்லை.

"என்னாலடே. எண்ணெ என்ன செய்யும்?"

"சரி, உன்னாலதான்."

தெருவில் ஒரு மாட்டுவண்டி போனது.

"இன்னொண்ணும் இருக்கு" என்றான் ஜெபசீலன். "சிக்கினா கைப்பிடிய இழுத்துவிடணும்னு துரை சொல்லித் தந்திருக்காரு. எனக்குத் தெரியும். நான் இழுக்கல. வெறுதே விசையையே அமுக்கிட்டு நிண்ணிருக்கேன். அது பயம்தானே?"

பகவதியப்பன் யோசித்தான். ஆறுதலுக்காகப் பேசுகிறவன் யோசிக்க மாட்டான்.

"பயம்தான். பின்னே என்ன?" என்றான். "நான் மட்டும் என்ன செய்தேன்? பக்கத்துலதான் பாறை இருந்து. ஒரு எட்டு வச்சா ஏறியிருக்கலாம். பன்னி வரத பாத்துட்டு மரமாட்டு நிண்ணேன். ரெண்டு பேரும்தான் நிண்ணோம் மக்கா. பன்னி ஒண்ணுதான் ஓடிச்சு."

இம்முறை சிரிப்பு முழுசாக வந்தது. ஜெபசீலன் மட்டும் சிரிக்காமல் தோள்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். உள்ளேயிருந்து பகவதியப்பன் மனைவி அன்னக்கிளி கருப்பட்டிக் காப்பியும் அவித்த மரச்சீனியும் கொண்டுவந்து வைத்தாள். அவள் ஜெபசீலனிடம் எதுவும் பேசவில்லை. அதற்குப் பிறகும் பல வருஷம் அவள் அவனிடம் அதிகம் பேசியதில்லை. வந்தால் சாப்பாடு போடாமலும் இருந்ததில்லை.

ஜெபசீலன் காவல் வேலையை விடவில்லை. துப்பாக்கியை உலரத் துடைத்து, முறையான எண்ணெய் வந்ததும் அதையும் ஒரு துளிதான் தொட்டுவைத்தான். விடியலில் புறப்படும்முன் குளிரில் நின்று, போல்ட்டை இழுத்து விட்டுப் பார்ப்பான். தோட்டா சிக்கினால் இழுத்துவிடக் கை தானாகப் போகும்படி, வெறும் துப்பாக்கியோடு லயத்து முற்றத்தில் பழகினான். பார்த்தவர்களுக்குப் பைத்தியம் பிடித்தவன் போலிருக்கும். அவன் அதைப் பொருட்படுத்தவில்லை.

முப்பத்தேழில் துரை தோட்டத்தை விற்றுவிட்டுத் துப்பாக்கிகளோடு கப்பலேறினார். புதிதாக வந்தவர்கள் மரச்சீனிக் காட்டைச் சுற்றிக் கல்மதில் எழுப்பினார்கள். ஜெபசீலனும் செல்லபாயும் மலையிறங்கி, மார்த்தாண்டம் சந்தையில் நல்லமிளகும் புளியும் விற்றார்கள். வெள்ளிக்கிழமைதோறும் இரணியலிலிருந்து வில்வண்டியில் பகவதியப்பன் வருவான். காலை நீட்டி உட்கார இடம் வேண்டும் என்பதற்காக, அவன் வரும் நாளில் செல்லபாய் புளிச்சாக்குகளை ஒரு பக்கமாக ஒதுக்கி வைப்பாள்.