சவுந்தரநாயகம் மாஸ்டரின் ஒன்பது வரைபடங்கள்

1979 தை (ஜனவரி) 8: பிள்ளைகள் 23.
1984 தை 9: 61.
1991 தை 7: 38.
1998 தை 12: 17.

இவை வவுனியாவுக்கு மேற்கே உள்ள எங்கள் ஊர் ஆரம்பப் பாடசாலையின் தொகைகள். கொழும்பில் ஊர்ச் சங்கத்தின் செயலாளர் நான் என்பதால், வெள்ளவத்தையில் என் வீட்டில் வரவுப் பதிவேட்டின் ஒரு பிரதி இருந்தது. முதல் திகதியில்தான் சவுந்தரநாயகம் மாஸ்டர் அங்கே தலைமை ஆசிரியரானார். அன்றே பிரம்பை அடுப்பில் வைத்தார். முதலாம் தவணை முழுக்கப் புத்தகம் விரிக்கவில்லை. பிள்ளைகள் கிணற்றைக் கயிறு விட்டு அளந்தார்கள். குளக்கட்டை நடந்து அளந்தார்கள். அளந்ததைச் சொந்த வசனத்தில் எழுதி, படமும் கீறினார்கள். அவர் சிவப்பு மை தொடவில்லை. பெற்றோர் சண்டைக்கு வந்தார்கள். ஐந்து வருடத்தில் அயலூர்ப் பிள்ளைகளும் வந்தார்கள்.

போரால் குடும்பங்கள் வெளியேற, 1998இல், இருபது பிள்ளைகளுக்குக் குறைந்தால் மூடப்படும் என்று கல்விக் கந்தோரிலிருந்து கடிதம் போனது. மறுப்பிருந்தால் மாசி (பெப்ரவரி) 23ஆம் திகதி கொழும்புக் கந்தோரில் நேரில் விளக்கலாம். பிள்ளைகள் ஊரை அளந்து கீறிய வரைபடங்களைக் கொண்டுவரும்படி நான்தான் மாஸ்டருக்கு எழுதினேன். காலடிக் கணக்கை மீற்றருக்கு மாற்றி, திகதியும் இடச் சொன்னேன். கந்தோர்க்காரர் அதைத்தான் மதிப்பார்கள் என்று நம்பினேன்.

21ஆம் திகதி மாஸ்டர் எங்கள் ஒழுங்கையிலிருந்த அலவியின் லொட்ஜில் தங்கினார். கட்டிலில் ஒன்பது தாள்களை விரித்தார்.

"மாஸ்டர், சர்வே கந்தோரப் பூட்டிட்டு இந்தப் புள்ளைகளுக்கே குடுக்கலாம்," என்று அலவி சிரித்தார்.

ஒரு தாளில் சிறு வட்டம். அருகே: 'ஆமிக் காவல். கிணற்றிலிருந்து 412 மீற்றர்.'

"இதை அழிச்சுவிடும், மாஸ்டர். ஆமிக் காம்பை அளந்து வேவு பார்த்ததெண்டு பிடிப்பாங்கள்," என்றேன்.

"நாலாம் வகுப்புப் பிள்ளை நடந்து எண்ணினது, அண்ணை. பத்தொன்பது வருசம் பிள்ளையளின்ரை எழுத்தில கை வைக்கேல்லை. இப்ப வைக்கிறதோ?"

"அந்தத் தாளை மட்டும் என்னட்டைத் தாருமன்."

"ஒன்பதும் சேர்ந்தால்தான் ஊர்."

பதிவில் ஒரு வரியையும் அழித்தறியாத நானும் அந்தத் தாளை மற்ற எட்டோடு சேர்த்துச் சுருட்டிக் கொடுத்தேன்.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு லொட்ஜைப் பொலிஸ் சுற்றிவளைத்தது. அலவி ஆளனுப்ப, வரவுப் பதிவேட்டின் பிரதியோடு ஓடினேன். அதிகாரியின் கையில் அந்தத் தாள் இருந்தது.

"மே மொனவாத?" இவை என்ன என்று கேட்டார்.

பள்ளிப் பாடம் என்று சிங்களத்தில் சொன்னேன். மீற்றர் எதற்கு என்றார். நான்தான் போடச் சொன்னேன் என்றேன். என் நரைத்த தலையைப் பார்த்தார். "சீயா, கெதர யன்ன," என்று தாத்தாவை வீட்டுக்குப் போகச் சொன்னார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

ஜீப்பில் ஏறும்போது மாஸ்டர் திரும்பினார். "நாளைக்குப் பத்து மணிக்கு, அண்ணை. நீங்களாவது போங்கோ."

போனேன். "தலைமை ஆசிரியர் எங்கே?" என்றார்கள். சொன்னேன். ஆதாரம் எங்கே என்றார்கள். அதுவும் பொலிஸில் என்றேன். கோப்பை மூடினார்கள்.

பிறகு பதினான்கு தடவை பொலிஸுக்குப் போனேன். இரண்டு தடவைதான் அவரைக் காட்டினார்கள். இரண்டு தடவையும் பள்ளிக்கூடத்தைப் பற்றியே கேட்டார். பதில் வரவில்லை என்றேன்.

பாடசாலை மூடப்பட்டது, பதினேழு பிள்ளைகளும் ஒன்பது கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள பாடசாலையில் சேர்க்கப்படுவர் என்ற கடிதம், அவர் பெயருக்கு, என் முகவரியில், 1998 சித்திரை 30, வியாழக்கிழமை வந்து சேர்ந்தது.