பொத்தானுக்குள் அடங்காத சொல்

செய்தி வந்தபோது காலை பதினொரு மணி இருக்கும். கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கெக்கில், செருப்புக் கடைக்கு மேலே இருந்த தன் அலுவலகத்தில் எர்மெக் முகம் தெரியாத ஒருவனுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தான். சேமிக்கும் பொத்தானை அமுக்கினால் என் விண்டோ உறைந்துபோகிறது, என்ன செய்வது என்று அவன் இணையத்தில் கேட்டிருந்தான். வாராவாரம் யாராவது ஒருவர் கேட்கும் கேள்விதான். நீண்ட வேலையை விண்டோவின் தலையில் சுமத்தாதே, பின்னறையில் வேறொருவனிடம் கொடு, விண்டோ வாசலில் நின்று வருகிறவர்களுக்குப் பதில் சொல்லட்டும் என்று எர்மெக் பாதி எழுதியிருந்தான். இப்படிப் பதில் எழுதி எழுதியே அந்த வட்டாரத்தில் அவனுக்கு உஸ்தாத், ஆசான், என்று பெயர் வந்திருந்தது.

தொலைபேசியில் ஜில்கிசாய் கால்நடை மருத்துவ அலுவலகத்தின் தலைவர் தொக்தொசுன்.

"உஸ்தாத், கெட்ட சேதி. நம்ம ஜொக் எஜே போயிட்டாங்க. முந்தாநாள் மத்தியானம் நெஞ்சு கனமா இருக்குன்னு ஆபீஸ்லேர்ந்து வீட்டுக்குப் போனாங்க. நேத்து முடிஞ்சுபோச்சு. நாளைக்கு எடுக்கறாங்க. நீ வரணும்னு இல்ல, தூரம். உங்கிட்ட பிரியமா இருந்தாங்களேன்னு சொன்னேன்."

"வர்றேன் பாய்கே," என்றான் எர்மெக். அந்த முகம் தெரியாதவனுக்கு எழுதிய பதிலை அனுப்பாமலே மூடினான்.

பாய்கே என்றால் அண்ணன், எஜே என்றால் அக்கா. ஜொக் என்றால் இல்லை, கிடையாது, வேண்டாம், எல்லாம்தான். அவருடைய சொந்தப் பெயர் ஷார்கான். அந்தப் பெயரைச் சொன்னால் ஜில்கிசாயில் பாதிப் பேருக்கு யாரென்று தெரியாது. அப்படி ஆனதற்குக் காரணம் தான் ஒருவன்தான் என்பது எர்மெக்குக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

ஷார்கான் ஆடு மேய்ப்பவரின் மகள். கால்நடைச் செவிலியாகப் படித்துவிட்டு, முழங்கால்களுக்கு நடுவே ஆட்டை இறுக்கிப் பிடித்து ஊசி போடுவதையே வாழ்க்கையாகச் செய்தவர். கணவர் சீக்கிரமே போய்விட்டார். ஆஸ்கத் என்று ஒரே மகன், லாரி ஓட்டுகிறான். அந்த முழங்கால்கள் தேய்ந்துபோனபோது, அலுவலகத்துக்குப் புதிதாக வந்த கம்ப்யூட்டர் முன்னால் அவரை உட்காரவைத்தார்கள். எந்தக் கிராமத்து ஆடுகளுக்கு எந்த ஊசி போட்டாயிற்று என்று பதிவதும் சந்தைக்குப் போகும் மந்தைக்குச் சான்றிதழ் அடித்துக் கொடுப்பதும் வேலை. அதற்கான புரோகிராமை எழுதியவன் எர்மெக்.

ஷார்கான் அந்தப் புரோகிராமுக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருந்தார். அது உறைந்து நின்றால், "மாப்பிள்ளைக்கு இன்னிக்கு மூஞ்சி தூக்கிருச்சு, யாராவது டீ ஊத்திக் குடுங்கடி," என்பார். மீண்டும் ஓடத் தொடங்கினால், "வந்துட்டாரு, சமாதானம் ஆயிட்டாரு," என்பார். எர்மெக் போகும்போதெல்லாம் அவனுக்கென்று தனியாக எடுத்துவைத்த பூர்சோக், எண்ணெயில் பொரித்த மாவுத் துண்டுகள், இருக்கும். சாப்பிட்டு முடிக்கும்வரை கம்ப்யூட்டரைத் தொடவிட மாட்டார்.

ஒரு கோடையில், "தம்பி, எழுத்து எல்லாம் எறும்பு மாதிரி இருக்குடா. எனக்குக் கொஞ்சம் பெருசு பண்ணிக் குடேன்," என்று கேட்டார். எர்மெக் விண்டோஸுக்குள் போய் எல்லா எழுத்தையும் பெரிதாக்கினான். அரை நிமிட வேலை. அவர் அவன் தலையைப் பிடித்து நெற்றியில் முத்தம் வைத்தார்.

எழுத்தைப் பெரிதாக்கினால் பொத்தான்கள் கூடவே பெரிதாவதில்லை. அதை நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். உஸ்தாத் எத்தனையோ பேருக்கு இதை எழுதியிருக்கிறான். தன் புரோகிராமில் பார்க்கவில்லை. அதில் எல்லாம் முன்பு ருஷ்ய மொழியில் இருந்தன. கிர்கிஸ் மொழிக்கு மாற்று என்று மேலிடம் கேட்டபோது, ஒரே மூச்சில் உட்கார்ந்து மாற்றியவனும் அவன்தான். பதிவை நீக்கும் பொத்தானில் 'ஜொக் கிலூ' என்று எழுதினான். இல்லாமல் ஆக்கு என்று பொருள். எதையும் நீக்காமல் விட்டுவிடும் பக்கத்துப் பொத்தானில் 'திரும்பு' என்று எழுதினான். சாதாரண எழுத்தில் இரண்டும் சரியாக உட்கார்ந்திருந்தன. ஷார்கானின் பெரிய எழுத்தில் 'கிலூ' அடுத்த வரிக்கு இறங்கியது. அடுத்த வரிக்குப் பொத்தானில் இடமில்லை. வெளியே தெரிந்தது 'ஜொக்' மட்டும்தான்.

அந்த இலையுதிர்காலத்தில், மந்தைகள் மலையிலிருந்து இறங்கிச் சந்தை சூடுபிடித்த நேரத்தில், மாப்பிள்ளை மறுபடியும் உறைந்தது. ஷார்கான் பொறுமையில்லாமல் இங்கும் அங்கும் அமுக்கியிருக்கிறார். உறைந்த விண்டோ அந்த அமுக்கல்களை எல்லாம் சேர்த்துவைத்துக்கொண்டு, விழித்ததும் ஒவ்வொன்றாக நிறைவேற்றியது. அவற்றில் ஒன்று எதன் மேலோ பட்டு, 'மேற்குப் பள்ளத்தாக்கின் எல்லாப் பதிவுகளையும் நீக்கவா?' என்று கேள்வி வந்து நின்றது. பதறிப்போனவர், வேண்டாம் என்று சொல்வதாக நினைத்து, ஜொக் என்று எழுதியிருந்ததை அமுக்கினார். மேற்குப் பள்ளத்தாக்கு காணாமல் போனது. எடுத்துவைத்திருந்த நகல் வசந்தத்தோடு நின்றுபோயிருந்தது, அதற்குப் பிறகு போட்ட ஊசிகள் அதில் இல்லை.

சான்றிதழ் இல்லாத மந்தைகளைச் சந்தைக்கு உள்ளே விடவில்லை. மேய்ப்பர்கள் கூட்டமாக வந்து கத்தினார்கள். ஒருவர் தன் கம்பளித் தொப்பியைக் கழற்றி ஷார்கானின் மேசைமேல் அறைந்தார். "நான் ஜொக்னுதானே அமுக்கினேன்!" என்று ஷார்கான் எல்லாரிடமும் சொன்னார். சொல்லச் சொல்ல அது வேடிக்கையானது. "ஜொக்னு அமுக்கினாளாம், ஆடு எல்லாம் ஜொக் ஆயிருச்சாம்," என்று சந்தையில் சிரித்தார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது.

எர்மெக் ஒரு புதுக் கம்ப்யூட்டரோடு வந்து சேர்ந்தான். முதலில் பழைய கம்ப்யூட்டர் முன்னால் ஷார்கானின் நாற்காலியில் உட்கார்ந்து, அதே கேள்வியை வரவழைத்தான். ஜொக். பார்த்த உடனே புரிந்துவிட்டது. பின்னால் தொக்தொசுனும் ஆறேழு மேய்ப்பர்களும் நின்றிருந்தார்கள். ஷார்கான் கையில் தேநீர்க் கிண்ணத்தோடு சுவரோரம் நின்றார்.

"சொல்லு உஸ்தாத். தப்பு உன் புரோகிராம் மேலயா, இவங்க மேலயா?" என்றார் தொக்தொசுன்.

எர்மெக் கேள்வி விண்டோவை மூடினான். "புரோகிராம் சரியாத்தான் இருக்கு பாய்கே."

"அப்ப நான் ஜொக் அமுக்கலயா தம்பி?" என்று ஷார்கான் கேட்டார். சண்டை போடும் குரல் இல்லை அது. நிஜமாகவே அவனிடம் தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"அவசரத்துல கை மாறிப் போயிருக்கும் எஜே. ஞாபகம் ஏமாத்தும்."

எதற்காக அப்படிச் சொன்னோம் என்று பிறகு பலமுறை தன்னையே கேட்டுக்கொண்டான். வேலை போய்விடும் என்ற பயம் இருந்ததாக வெகுநாள் நம்பினான். யாரும் அவனை வேலையைவிட்டு எடுத்திருக்க மாட்டார்கள். அந்த ஆறேழு பேர் முன்னால், பொத்தானை அகலப்படுத்தத் தெரியாதவன் என்று நிற்க அவனால் முடியவில்லை. அவ்வளவுதான் காரணம். இவ்வளவு சின்னக் காரணம் என்பதுதான் வெட்கம்.

புதுக் கம்ப்யூட்டரில் பொத்தானை அகலமாக்கிப் போட்டான். என்ன மாற்றினாய் என்று கேட்டவர்களிடம், தோற்றத்தில் சில்லறைத் திருத்தம் என்றான். ஷார்கானை மருந்து அறைக்கு மாற்றினார்கள். பழைய கம்ப்யூட்டரும் அவர் பின்னாலேயே போனது. அதையும் திருத்த வேண்டும் என்று எர்மெக்குக்குத் தோன்றத்தான் செய்தது. திருத்தினால், என்னடா மாற்றினாய் என்று அவர் கேட்பார். அதனால் விட்டுவிட்டான்.

அதற்குப் பிறகும் ஒவ்வொரு வசந்தத்திலும் ஷேர் டாக்ஸிக்காரர் கையில் அவனுக்கு ஒரு பை உலர்தயிர் உருண்டை வரும். ஷார்கான் அனுப்புவது. எர்மெக் அதை அலுவலகத்தில் மற்றவர்களுக்குக் கொடுத்துவிடுவான். ஒன்றைக்கூட வாயில் போட்டதில்லை.

செய்தி வந்த மறுநாள் கணவாயைத் தாண்டி ஜில்கிசாய் போய்ச் சேர்ந்தபோது வீட்டு முற்றத்தில் யுர்தா கூடாரம் போட்டிருந்தார்கள். உள்ளே பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள். ஆண்கள் கூடாரத்தை நெருங்கும்போதே, போனவர் தனக்கு என்ன முறையோ அதைச் சொல்லி வாய்விட்டு அழுதபடி வர வேண்டும். எர்மெக்குக்கு முன்னால் போனவர், என் அக்காவே என்ற பொருளில், "எஜெகெம்!" என்று மலை எதிரொலிக்கக் கதறினார். எர்மெக் வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. வாசலில் நின்ற ஆஸ்கத் அவனைத் தாங்கிப் பிடித்தான். துக்கத்தில் தொண்டை அடைத்துவிட்டது என்று நினைத்திருப்பான்.

தொழுகைக்கு முன்னால் ஆஸ்கத் வரிசைகளைப் பார்த்துக் கேட்டான்.

"எங்கம்மா எப்படிப்பட்ட மனுஷி?"

"நல்ல மனுஷி! நல்ல மனுஷி!" என்றது கூட்டம்.

"அம்மா யாருக்காவது ஏதாவது பாக்கி வச்சிருந்தா எங்கிட்ட வாங்க, அது என் பொறுப்பு. அம்மாவுக்கு யாராவது பாக்கி வச்சிருந்தா, அதை விட்டுட்டோம். கேக்க மாட்டோம்."

எல்லாச் சாவு வீட்டிலும் சொல்வதுதான். எர்மெக் கேட்காமலே, யாருக்கும் தெரியாமலே, அத்தனை பேர் நடுவில் அவனை மன்னித்து அனுப்பிவிட்டார்கள். தலை குனிந்து நின்றான். குனிந்திருந்த தலைகளுக்கு நடுவே அவன் தலை வித்தியாசமாகத் தெரியவில்லை.

அடக்கம் முடிந்து சாப்பாட்டு விரிப்பைச் சுற்றி உட்கார்ந்ததும் பேச்சு மெல்ல லேசானது. தொக்தொசுன் ஆரம்பித்தார்.

"ஜொக் எஜே மாதிரி ஒரு ஆளு வராது. அந்த ஆட்டுக் கதைக்கு அப்புறம், கம்ப்யூட்டர் எதாவது கேள்வி கேட்டா தொடவே மாட்டாங்க. வராண்டால யாரு போனாலும் கூப்புடுவாங்க. ‘வாடா, நீயே வந்து அமுக்கு, என் கண்ணு பொய் சொல்லும்’னு. நாங்களும் படிக்காமலே முதல் பொத்தான அமுக்கிட்டுப் போவோம். ஒருநாள் தபால்காரரக் கூப்புட்டு அமுக்க வச்சுட்டாங்க!"

சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை, பிரியமான சிரிப்புதான்.

"அவங்க கண்ணு பொய் சொல்லல," என்றான் எர்மெக். "அவங்க ஜொக்னுதான் அமுக்கினாங்க. பொத்தான்ல அப்படித்தான் இருந்துச்சு. பாதி மறைஞ்சு போச்சு. தப்பு என்னோடது. அன்னிக்கே எனக்குத் தெரியும். தெரிஞ்சே பொய் சொன்னேன்."

தொக்தொசுன் அவன் தோளைத் தட்டினார்.

"இது பெரிய மனசு உஸ்தாத். போனவங்களப் பத்தி இப்படித்தான் நல்லதாப் பேசணும்."

"நெசமாத்தான் சொல்றேன் பாய்கே."

"தெரியும், தெரியும். பழிய நீ எடுத்துக்கிட்ட. அவங்க ஆத்மா குளுரும். கறிய எடுத்துக்க, ஆறுது."

"நல்ல மனுஷி," என்றார் பக்கத்துக் கிழவர். "நல்ல மனுஷி," என்று மற்றவர்களும் சொன்னார்கள். உண்மையைச் சொல்லிப் பார்த்தான். அதுவும் மரியாதை வார்த்தைகளோடு ஒன்றாகப் போய்ச் சேர்ந்துகொண்டது.

வெளியே கை கழுவும்போது ஆஸ்கத் கெண்டியிலிருந்து தண்ணீர் ஊற்றினான். எர்மெக்கின் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்.

"பாய்கே, உள்ள சொன்னீங்களே. மரியாதைக்கா, நெசமா?"

"நெசம்."

ஆஸ்கத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தான். கை எப்போதோ சுத்தமாகிவிட்டிருந்தது.

"அம்மா என்னை எத்தனை கண் டாக்டர்கிட்ட அலைய விட்டாங்க தெரியுமா? கண்ணு நல்லா இருக்குன்னு டாக்டர் சொன்னா, அவருக்குத் தெரியலன்னு அடுத்த ஊருக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்வாங்க. கண்ணு கெட்டுப்போச்சுன்னு ஒருத்தராவது சொல்லிடணும்னு பாத்தாங்க." கெண்டியைக் கீழே வைத்தான். "எனக்குக் காட்ட முடியுமா?"

காட்ட எதுவும் இல்லை, நானே திருத்தி மறைத்துவிட்டேன் என்று சொல்ல வந்த எர்மெக், சட்டென்று நிறுத்தினான். "அந்தப் பழைய கம்ப்யூட்டர் இன்னும் மருந்து அறையிலதான் இருக்கா?"

"அங்கதான் இருக்கு."

அலுவலகம் அடுத்த தெருவில்தான். காவல்காரர் ஆஸ்கத்துக்கு ஆறுதல் சொல்லிவிட்டு மருந்து அறையைத் திறந்துவிட்டார். ஷார்கானின் வெள்ளை மேலங்கி நாற்காலி முதுகில் தொங்கியது. திரை இருட்டாக இருந்தாலும் கம்ப்யூட்டரின் விளக்கு எரிந்தது. அவர் வீட்டுக்குப் போன மத்தியானத்திலிருந்து யாரும் அதை அணைக்கவில்லை. எர்மெக் மௌஸைத் தொட்டதும் திரை விழித்துக்கொண்டது.

வரவழைக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. திரை நடுவே அந்தக் கேள்வி தானாகவே நின்றிருந்தது. 'இந்தப் பதிவை நீக்கவா?' கீழே பெரிய எழுத்தில் இரண்டு பொத்தான்கள்.

"படி," என்றான் எர்மெக்.

"ஜொக். திரும்பு." ஆஸ்கத் இன்னும் நெருங்கி, விரலைப் பொத்தான்மேல் வைத்து எழுத்தெழுத்தாகத் தடவினான். "இந்த ஜொக்க அமுக்கினா?"

"போயிடும்."

ஆஸ்கத் அம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்தான். "இத்தனை வருஷமா இது முன்னாடியேதான் உக்காந்திருந்தாங்களா?"

திரும்பு பொத்தானை அமுக்கி அந்த விண்டோவை மூடிவிட எர்மெக்கின் கை போனது. ஆஸ்கத் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். வலிக்கும்படிதான் பிடித்தான்.

"தொடாதீங்க. தொக்தொசுன் பாய்கேயக் கூட்டிட்டு வர்றேன். அன்னிக்கு அம்மா மேசைமேல தொப்பிய அறைஞ்சாரே, அவரும் வந்திருக்காரு, அவரையும் கூட்டிட்டு வர்றேன். அவங்க வாயாலயே படிக்கட்டும். அது வரைக்கும் நீங்க இங்கயே நில்லுங்க."

எர்மெக் நின்றான்.

கேள்விக்குப் பின்னால் மங்கலாகத் தெரிந்தது ஒரு பெட்டி ஆட்டு அம்மை மருந்தின் பதிவு. வசந்தத்திலேயே காலாவதி ஆன மருந்து. குப்பிகளை ஷார்கான் ஏற்கெனவே உடைத்து மேசையோரம் இருந்த வாளியில் போட்டிருந்தார். கம்ப்யூட்டரிலிருந்து நீக்குவதுதான் பாக்கி. அதற்காக அன்று மத்தியானம் வராண்டாவில் போகிற யாரையாவது கூப்பிடக் காத்திருந்திருக்கிறார். அந்தப் பதிவு இன்னும் நீக்கப்படவில்லை.